ஒரே படம், இரண்டு கொட்டகை

ஜூன் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நான் நலம். நீ, உன் மகன், மருமகள் எல்லாரும் நலமாக இருப்பீர்கள். நலம் விசாரித்தாகிவிட்டது, இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

நேற்று நம் வழக்கப்படி சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போனேன். நீயும் உன் ஊரில் அதே நேரத்தில் அதே கப்பல் படத்துக்கு உட்கார்ந்திருப்பாய் என்கிற நினைப்பு மட்டும் இல்லையென்றால் வாசலோடு திரும்பியிருப்பேன். டிக்கெட்டைக் கிழித்தவர் கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடியையும் நீட்டினார்.

"இது எதுக்குப்பா?"

"த்ரீடி படம்மா. இதைப் போட்டாத்தான் தெரியும்."

"கண்ணாடி இல்லாத காட்சி எப்போ?"

"அதெல்லாம் கிடையாதும்மா. இனிமே பெரிய படம்னா இப்படித்தான்."

என் மூக்கில் ஏற்கெனவே ஒரு கண்ணாடி குடியிருக்கிறது. அதன் தலைமேல் இது வாடகைக்கு வந்தது. இரண்டும் சேர்ந்து சறுக்கியதால் படம் முழுக்க ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் நான் சாக்கடை ஓரம் உட்கார்ந்திருப்பதாக நினைத்திருப்பார்கள்.

அதுகூடப் போகட்டும். வெளிச்சத்தையெல்லாம் அந்தக் கண்ணாடியே குடித்துவிடுகிறது. நடுப்பகலில் நடக்கிற கதையும் விளக்கு வைக்கிற நேரம்போல இருக்கிறது. சுற்றி இருந்தவர்கள் 'ஆ' என்று தலையைப் பின்னுக்கு இழுத்தார்கள். முன்வரிசைக் குழந்தை கையை நீட்டி எதையோ பிடிக்கப் போனது. எனக்கு ஒன்றுமே வரவில்லை, சின்னவளே. கடலும் கப்பலும் சுவரில் ஒட்டின போஸ்டர்போலத் தட்டையாக அங்கேயே இருந்தன. இடைவேளையில் போய்க் கண்ணாடியை மாற்றினேன். மறுபடியும் மாற்றினேன். எல்லாம் ஒரே லட்சணம்தான்.

இல்லாத ஒன்றைக் காட்டுகிறேன் என்று சொல்லி, இருக்கிற வெளிச்சத்தையும் பிடுங்கிக்கொள்வதற்கு என்ன பெயர்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து நாலு பேரிடம் பேசிப் பழகினவள் நீ. நீ சொல்.

தையல் கடைக்கு ஆள் வந்திருக்கிறது. ஒரு கோட்டுக்கு உள்துணி மாற்ற வேண்டும். பதில் போடு.

அண்ணி


ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மருமகளுக்கும் படித்துக் காட்டினேன். மூக்கைப் பிடித்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகன், "ஒரு போன் போட்டா முடியற விஷயத்துக்கு எதுக்கும்மா இத்தனை தாள்?" என்கிறான். வேலைக் காலம் முழுக்க ஊராரின் பேச்சைக் காதில் வாங்கி இணைப்புக் கொடுத்தவளுக்குத்தான் தெரியும், மணிச் சத்தம் எவ்வளவு அலுப்பு என்று. ஓய்வு பெற்ற அன்றே என் காதுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டேன். எனக்குத் தாளே போதும்.

ஆனால் அண்ணி, நீங்கள் எழுதியது எனக்கு விளங்கவே இல்லை. நான் பார்த்தது வேறு படமோ என்று சந்தேகமாக இருக்கிறது. கப்பலுக்குள் தண்ணீர் நுழைந்ததும் நான் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டேன். மருமகள் என் காதில், "அத்தை, தண்ணி இங்க வராது. காலைக் கீழ வைங்க, பக்கத்துல இருக்கறவர் முறைக்கிறார்" என்றாள்.

அந்தத் தாய் படகிலிருந்து குனிந்து, தண்ணீருக்குள் போகிற மகனைப் பிடிக்கக் கையை நீட்டுவாளே, அந்தக் கை திரையை விட்டு வெளியே வந்து என் முகத்துக்கு நேரே நின்றது. ஒரு விரலில் நகம் உடைந்திருந்தது வரைக்கும் தெரிந்தது. நானே பிடித்துத் தூக்கிவிடலாம்போல இருந்தது, அண்ணி. வீட்டுக்கு வந்தும் என் உள்ளங்கை குறுகுறுவென்றது.

உங்கள் கொட்டகைக்காரன் ஏதோ ஓட்டை இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறான். அண்ணன் இருந்திருந்தால் நம் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு காதில் உங்கள் குறையையும் மறு காதில் என் புகழ்ச்சியையும் வாங்கிக்கொண்டு, வெளியே வந்ததும் வழக்கம்போல ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லியிருப்பார். "பரவாயில்லை." ஊரே கொண்டாடின படத்துக்கும் அதுதான், அவர் குறட்டை விட்டுத் தூங்கின படத்துக்கும் அதுதான்.

அவர் போன பிறகு நான் மகனோடு இங்கே கிளம்பியபோது, "ஊர்தான் வேற, படமாவது ஒண்ணா இருக்கட்டும்" என்று சொன்னது நீங்கள்தான். அதனால் ஒரே படத்தை நாம் இரண்டு படமாகப் பார்ப்பது எனக்கு என்னவோபோல இருக்கிறது. வருகிற சனிக்கிழமை அந்தப் பறவைப் படம். அதுவும் கண்ணாடிப் படம்தான். கொஞ்சம் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்களேன்.

சின்னவள்


ஜூன் 23

அன்புள்ள சின்னவளுக்கு,

பின்வரிசையில் உட்கார்ந்தேன். நடுவரிசையில் உட்கார்ந்தேன். தூணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி பாக்கி இருந்தது, அதையும் விடவில்லை. அந்தப் பெரிய பறவையின் இறகு உதிர்ந்து மிதந்து வருகிற இடத்தில் பக்கத்து நாற்காலிப் பெண் சிலிர்த்துப்போய், "உங்க மடியிலயே விழுந்துச்சு பாருங்க" என்றாள். நானும் குனிந்து என் மடியைப் பார்த்தேன். என் கைப்பைதான் இருந்தது.

மறுபடியும் வேறு கண்ணாடி கேட்டுப் போனபோது அந்த டிக்கெட் மனிதர், "உங்களுக்கு மட்டும்தாம்மா இப்படி. கண்ணை ஒரு தடவை காட்டிடுங்களேன்" என்றார்.

"இது நூல் கோக்கற கண்ணுப்பா. நீ உன் கண்ணாடியைக் காட்டு" என்றேன்.

நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வேறு ஒன்றை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தார். அதிலும் ஒன்றும் வரவில்லை.

சரி, வந்தால்தான் என்ன? சினிமா என்றால் நாம் உள்ளே போவது. அவர்கள் தெருவில் நடப்போம், அவர்கள் வீட்டுச் சமையலறை மூலையில் யாருக்கும் தெரியாமல் நிற்போம். இப்போது அவர்கள் வெளியே வந்து நம்மை முட்டுகிறார்கள். கதைக்குத் தேவையோ இல்லையோ கல் பறக்கிறது, ஈட்டி பறக்கிறது, ஒருவன் நீச்சல்குளத்தில் குதித்தால் தண்ணீர் நம் பக்கம்தான் தெறிக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை உட்கார வைத்து நாலு வார்த்தை பேசாமல் முகத்தில் பந்தை எறிந்து விளையாடுகிற மாதிரி.

இந்த மாதம் எல்லாமே எனக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. புதிதாக வாங்கின ஊசியில் காது எங்கே என்று தடவித் தேட வேண்டியிருக்கிறது. ஊசியைக்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லை. காப்பியை ஊற்றினால் டம்ளருக்குப் பக்கத்தில் விழுகிறது, அந்தப் பாத்திரத்தின் மூக்கு கோணல். பஸ் கதவு வலது தோளில் இடித்துக் கன்றிப்போயிருக்கிறது. போன வாரமும் அதே தோள். ஆள் ஏறுகிற கதவை எலி வளை மாதிரி வைத்திருக்கிறார்கள்.

எதையும் உருப்படியாகச் செய்யக்கூடாது என்று ஊரே தீர்மானம் போட்டுவிட்டதுபோல.

அண்ணி


ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இந்தத் தடவை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

பறவைப் படம் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன். இத்தனை வயசுக்குப் பிறகு ஒன்றைப் பார்த்து வாயைப் பிளக்க முடிகிறதே என்று சந்தோஷமாக இருந்தது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. ஊசி சரியில்லை, பாத்திரம் சரியில்லை, பஸ் சரியில்லை, படம் சரியில்லை. படித்து முடித்தபோது நான் பார்த்த படமும் மங்கிப்போயிருந்தது.

எழுதக்கூடாது என்று நினைத்ததை எழுதிவிடுகிறேன். அண்ணன் போனதிலிருந்து உங்களுக்கு எதுவுமே பிடிப்பதில்லை. எது நன்றாக இருந்தாலும் அவர் இல்லாமல் அது எப்படி நன்றாக இருக்கலாம் என்று அதன்மேல் உங்களுக்குக் கோபம். அவர் எனக்கும் அண்ணன்தான், அண்ணி. நான் மறுபடியும் சிரிக்கக் கற்றுக்கொண்டேனே.

சின்னவள்


ஜூலை 6

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் சிரிக்கக் கற்றுக்கொண்டது குறித்து மகிழ்ச்சி.

ஒன்றை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். பகலெல்லாம் கடையில் ஆட்கள் இருக்கிறார்கள். கையில் இஞ்சிடேப்போடு, அளவு எடுத்துக்கொண்டே அழ முடியாது. வீட்டில் அழுதால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் கதவைத் தட்டி, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்பாள். எனக்கென்று இருந்தது சனிக்கிழமை மதியத்து இருட்டு ஒன்றுதான். படத்தில் யாராவது செத்துப்போனால் அவரோடு சேர்த்து உங்கள் அண்ணனுக்கும் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது அழுதால் கண்ணாடிக்குள் ஆவி படிகிறது. துடைப்பதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் திரையில் ஒருவர் இரண்டு பேராக நிற்கிறார். துடைத்து, மறுபடி இரண்டையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால் செத்தவரை எல்லாரும் மறந்து பாட்டு ஆரம்பித்துவிடுகிறது.

படம் பிடிக்கவில்லை என்று நான் சொன்னதற்கு அர்த்தம் இவ்வளவுதான்.

இனிமேல் சனிக்கிழமை மதியமும் கடை திறந்திருக்கும். தாங்கள் தங்கள் விருப்பம்போல் எந்தப் படத்தையும் பார்க்கலாம். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணனின் மனைவி


ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். என்ன எழுதினாலும் நான் எழுதின அந்த ஒரு வரி முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு மன்னிப்பை அப்புறம் கேட்கிறேன். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். பனிமலைப் படம். மருமகளையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நீங்கள் பார்க்கிற மாதிரி ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. முதலில் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. ஆனால் கண்ணாடி போட்டிருக்கும்போது உங்களுக்கு இரட்டையாகத் தெரியவில்லை. சுவரில் ஒட்டின போஸ்டர் என்றுதானே எழுதியிருந்தீர்கள். சரி, இது அண்ணி பார்த்த படம் இல்லை என்று மறுபடி மாட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வலது கண்ணில் ஏதோ தூசி. கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுக் கசக்கினேன். அண்ணி, அந்த நேரத்தில் மலை சட்டென்று பின்னால் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. கண்ணைத் திறந்தேன், மலை வெளியே வந்தது. மூடினேன், போஸ்டர். திறந்தேன். மூடினேன். அதற்குப் பிறகு நான் படம் பார்க்கவில்லை.

எக்ஸ்சேஞ்சில் இரண்டு கம்பி சேர்ந்தால்தான் ஒரு பேச்சு. ஒன்று அறுந்தால் மணிகூட அடிக்காது. இந்தப் படமும் அப்படித்தான் போலிருக்கிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் கடல் காலுக்கு வரும்.

ஊசிக் காது. டம்ளர். பஸ் கதவு. இரண்டு தடவையும் வலது தோள். நீங்கள் ஒவ்வொன்றாக எழுதினீர்கள், நான் ஒவ்வொன்றையும் முணுமுணுப்பு என்று தள்ளிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை மேசைமேல் வையுங்கள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இதைப் படியுங்கள். இடது கண்ணை மூடுங்கள், அண்ணி. பிறகு உடனே கண் டாக்டரிடம் போங்கள்.

சின்னவள்


ஜூலை 20

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. கடைசிவரை படித்தேன்.

என் கண்ணைப் பற்றி உன் எக்ஸ்சேஞ்ச் கம்பி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நேற்றுக்கூட ஒரு கல்யாணக் கோட்டை இடுப்பில் பிடித்துக் கொடுத்தேன். வாங்கினவர் குறை சொல்லவில்லை.

இந்தக் கண் போனால் கடை போனது. கடை போனால் நான் யார்? யாராவது ஒருவர் வீட்டு மூலையில், வேளைக்கு ஒரு தட்டு வந்தால் சாப்பிடுகிற கிழவி. அதைத் தெரிந்துகொள்ள நான் ஏன் அவசரப்பட வேண்டும்?

நீ மூடிப் பார்க்கச் சொன்னாய். நான் மூடிப் பார்க்கவில்லை. பார்க்கப் போவதும் இல்லை.

அண்ணி


ஜூலை 24

அன்புள்ள அண்ணிக்கு,

மறுபடியும் என்னை 'நீ' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு எழுத்துக்காகவே கடிதத்தைப் பல தடவை படித்தேன்.

நேற்று உங்கள் கடைக்குப் போன் செய்தது நான்தான். மகன் தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு அறையை விட்டுப் போய்விட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தீர்கள். பேசவில்லை. நீங்கள் வேறு யாரோ என்று நினைத்திருக்கலாம், ஆனால் ஒரு மூச்சை வைத்து ஆள் யாரென்று சொல்கிற காது இது. நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். காலமெல்லாம் மற்றவர்களை இணைத்துவிட்டு, எனக்கு ஒரு இணைப்பு கிடைத்த நேரத்தில் ஊமையாகிவிட்டேன்.

நீங்கள் மூடிப் பார்த்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தெரியாததுக்குத்தான் பயம். தெரிந்துவிட்டதற்கு என்ன செய்வது என்று டாக்டர் சொல்வார். இரண்டு வாரத்துக்குள் உங்களிடமிருந்து கடிதம் வராவிட்டால் ரயிலேறி வந்து, கடை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் உங்கள் பிடிவாதத்தைச் சொல்லுவேன். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

சின்னவள்


ஆகஸ்ட் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

போனேன். உன் வாய்க்குப் பயந்து போனேன் என்றே வைத்துக்கொள்.

ஆமாம், மூடிப் பார்த்தேன். உன் கடிதம் வந்த அன்றே. உன் எழுத்து இருந்த இடத்தில் சாம்பல் நிறம்தான் இருந்தது. அது மேசை நிழல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் சின்னப் பெண். வெள்ளைக் கோட்டின் கைமடிப்பைப் பார்த்ததும் அது என் தையல் என்று தெரிந்தது, அதில் கொஞ்சம் தெம்பு வந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, இடது கண்ணைக் கரண்டி மாதிரி ஒன்றால் மறைத்தாள்.

"இப்ப என்னம்மா தெரியுது?"

"விளக்கை ஏம்மா அணைச்சீங்க?" என்றேன்.

யாரும் எதையும் அணைக்கவில்லை. அவள் என் தோளில் கை வைத்தாள்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறதாம். வலித்திருந்தால் கேட்டிருப்பேன். ஓசைப்படாமல் தின்றிருக்கிறது. "எனக்குத் தெரியாம எப்படிம்மா?" என்றேன்.

"ஒரு கண்ணு விட்டதை இன்னொரு கண்ணு எடுத்துப் பார்த்துக்கும்மா. காட்டிக் கொடுக்காது."

"குடும்பத்துல நடக்கிற மாதிரி" என்றேன். சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மீதியைச் சொன்னாள். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் அரித்திருக்கிறது. மருந்தை வேளை தவறாமல் விட்டு வந்தால் இருக்கிறதைக் காப்பாற்றலாம். "இன்னும் கொஞ்ச காலம் இப்படியே விட்டிருந்தா" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

"ஒரு தொந்தரவும் இல்லைன்னு சொல்றீங்க. அப்புறம் எதனால வந்தீங்க?" என்று எழுதிக்கொள்ளக் கேட்டாள்.

"படம் பிடிக்கலை, அதனால வந்தேன்" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், உன்னைப் பற்றியும்.

ஆனாலும் ஒன்று சொல்லி வைக்கிறேன். என் கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தது என்பதற்காக அந்தக் கண்ணாடிப் படத்தின்மேல் எனக்கு அன்பு வந்துவிடாது. இருட்டாக இருக்கிறது, மூக்கை அழுத்துகிறது, ஆளை அழ விடுவதில்லை. கண் இரண்டும் நன்றாக இருந்த காலத்தில் வந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். அதை முணுமுணுப்பு என்று நீ சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

காப்பி ஊற்றும்போது பாத்திரத்தின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட்டு வைத்துக்கொண்டு ஊற்றுகிறேன். சிந்தவில்லை. பாத்திரம் நல்ல பாத்திரம்தான். பஸ்ஸில் வலது கையை முன்னால் விட்டு ஏறுகிறேன். கதவும் அகலமான கதவுதான். கடையைச் சனிக்கிழமை மதியம் மூடுகிறேன், படத்துக்குப் போக அல்ல, சும்மா.

அண்ணி


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணிக்கு,

"பாத்திரம் நல்ல பாத்திரம்தான்" என்ற இடத்தில் நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டேன். மருமகள் பின்னாலேயே வந்து துணி காயப்போட்டாள்.

அண்ணன் போனதிலிருந்து உங்களுக்கு எதுவும் பிடிப்பதில்லை என்று எழுதினேன். கண் பார்க்காததையெல்லாம் மனசுமேல் போட்டுப் பழி சொன்னேன். நீங்கள் சனிக்கிழமை இருட்டில் உட்கார்ந்து அழுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரிப்பதும் அதற்குத்தான். வீட்டில் அவ்வளவு சத்தமாகச் சிரித்தால் மகன் என்னை ஒரு மாதிரி பார்ப்பான்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வையுங்கள். கண்ணாடிப் படமோ காதுப் படமோ, உங்கள் ஊரில் எது ஓடுகிறதோ அது.

சின்னவள்


ஆகஸ்ட் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. உன் சீப்பை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். எனக்கும் உனக்கும் அதுதானே பழக்கம்.

வாசலில் அந்த டிக்கெட் மனிதர், "இன்னிக்கு எத்தனை கண்ணாடிம்மா வேணும்?" என்று கேட்டார் அல்லவா. "ஒண்ணு போதும்பா. நீ சொன்ன மாதிரி கண்ணைக் காட்டிட்டேன்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உன் கண்ணாடியையும் என் கண்ணாடியையும் ரொம்ப நேரம் துடைத்தாரே, அது ஏன் என்று நீ கேட்டாய். ஜூனில் என்னைக் கண்ணைக் காட்டச் சொன்னவர் அவர்தான்.

நீ என் இடது பக்கம் உட்கார்ந்தாய். யோசித்துத்தான் உட்கார்ந்தாய் என்று எனக்குத் தெரியும். வலது பக்கம் உட்கார்ந்திருந்தால் நீ எனக்கு அங்கே இல்லாத மாதிரிதான்.

படத்தில் அந்தப் பெரியவர் மனைவியை ரயில் ஏற்றிவிட்டு நடைமேடையிலேயே நின்றுகொண்டிருப்பாரே, அவள் திரும்பி வரமாட்டாள் என்று நமக்கும் அவருக்கும் தெரிந்த அந்த இடம். எனக்குக் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. இரண்டையும் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்தேன். அப்போது உன் பக்கம் திரும்பினேன். நீ கண்ணாடிக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்து வலது கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்.

தூசி என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினேன், அப்போதும் மூடியிருந்தாய். ரயில் திரையைக் கிழித்துக்கொண்டு வந்தபோது கொட்டகை முழுக்கத் தலையைப் பின்னுக்கு இழுத்தது. நாம் இரண்டு பேர் மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

வெளியே வெயிலுக்கு வந்ததும் நான் "பரவாயில்லை" என்றேன். நீ அப்படியே நின்றுவிட்டாய். பிறகு செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாய். நானும் பார்க்காத மாதிரி பஸ்ஸைப் பார்த்தேன்.

அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில் உன் கை வலித்திருக்கும். இத்துடன் ஒரு சின்னத் துணி வைத்திருக்கிறேன். வெளியே கறுப்பு, உள்ளே பருத்தி, வலது கண்மேல் கட்டிக்கொள்ள நாடா. எல்லாப் படத்துக்கும் இதைக் கட்டிக்கொள்ளாதே, திட்டுவேன். கடல் வந்தால், பறவை வந்தால் இரண்டு கண்ணையும் திறந்து பார். காலைத் தூக்கி வைத்துக்கொள். எது எது எவ்வளவு பக்கத்தில் வந்தது என்று விடாமல் எனக்கு எழுது. யாராவது போய்ச் சேருகிற இடத்தில் மட்டும் இதைப் போட்டுக்கொள்.

தைக்க நேரம் ஆகவில்லை. நூல் கோக்கத்தான் வெகு நேரம் ஆனது. பக்கத்து வீட்டுக்காரி, "குடுங்கக்கா, நான் கோத்துத் தர்றேன்" என்று கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. நானேதான் கோத்தேன்.

அண்ணி